கரை கெட்டி, ஆனாலும் அபாய வகை!

கேள்வி: சிறுமலை அடிவாரத்தில் எங்கள் பட்டா நிலத்தில் தாத்தா காலத்துக் குளத்தின் மண்கரை இருக்கிறது. உயரம் 14 அடி. நிறைந்தால் 3 ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கும். கீழே வீட்டுமனை போட்டு ஏழெட்டு வீடுகள் வந்துவிட்டன. பார்த்த பொறியாளர், “இனி இது அதிக அபாய வகை” என்கிறார். ஒரு விரிசல்கூட இல்லாத கரை எப்படி அபாயமாகும்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அவர் உங்கள் கரையைக் குறை சொல்லவில்லை. கரை உடைந்தால் கீழே என்னென்ன போகும் என்று பார்த்துத்தான் அபாய வகை சொல்வார்கள்; கரையின் கெட்டித்தனம் வேறு கணக்கு. வயல் மட்டும் இருந்தவரை ஒரு போகம் நெல்லோடு போயிருக்கும். இப்போது அங்கே ஆட்கள் படுத்துறங்குகிறார்கள்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் நேரடிக் கண்காணிப்பு 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும்தான். உங்களுடையது நாலேகால் மீட்டர். அதில் வராது என்பதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது. பரப்பு 3 ஏக்கர், கரையடியில் ஆழம் 11 அடி என்று வைத்து இரண்டையும் பெருக்கி, ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராததால், அதை 0.4 ஆல் பெருக்குங்கள்: 13.2 ஏக்கர் அடி. அதாவது 1.6 கோடி லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 1,350 நடை.

முதலில் கலிங்கை, அதாவது மிகைநீர் வழிந்து வெளியேறும் இடத்தைப் பாருங்கள். மண்கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் கரை அரித்துக்கொண்டு போய்விடும். நீர்வரத்துப் பரப்பு 120 ஏக்கர், மழை மணிக்கு 2 அங்குலம், அதில் பாதி ஓடிவருகிறது என்றால் விநாடிக்கு 120 கனஅடி வரும். 20 அடி அகலக் கலிங்கில் அது 1.6 அடி உயரத்துக்குப் போகும். கலிங்குக்கும் கரை உச்சிக்கும் 3 அடி இடைவெளி இருந்தால் 1.4 அடி மிச்சம். கூடுதலாகத் தேக்க ஓர் அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்குகிறீர்களா? மிச்சம் ஐந்தே அங்குலம். மீன் தப்பாமலிருக்க வலையும் கட்டி, அதில் சருகு அடைத்தால் அதுவும் போச்சு. ஐப்பசிக்கு முன் மூட்டை, வலை இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மடைக்குழாய் வெளிவரும் இடத்தில், குழாயைச் சுற்றி நீர் ஊறுகிறது. வெளியிலிருந்து களிமண் வைத்து அடைக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கூடவே கூடாது. அடைத்தால் நீர் கரைக்குள்ளேயே வேறு வழி தேடும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வாருங்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தால் கசிவு கூடுகிறது. அடியில் மண் படிந்தால், கரையின் உள்மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். கீழ் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு மடையைத் திறந்து, இல்லையேல் மோட்டார் வைத்து, நீர்மட்டத்தைக் குறையுங்கள். ஊறும் இடத்தில் முதலில் ஆற்றுமணல், மேலே சிறுஜல்லி, அதன்மேல் பெருஜல்லி போடுங்கள். நீர் வரும், மண் நின்றுவிடும்.

பெரும்பாலும் குழாயின் அடிவயிற்றில்தான் கோளாறு. மண்ணை இடித்து இறுக்கும் திம்சு அங்கே எட்டாது, மண் இறுகாமலே மூடிவிடுவார்கள். கோடையில் தோண்டி, அரையடி அரையடியாக மண் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். கையில் பிடித்தால் உருண்டை உடையக் கூடாது, உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது; அதுதான் ஈரப்பதம்.

கேள்வி: கரையில் வளர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கன்றாக இருந்தால் வேரோடு பிடுங்கிவிடலாம். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டால் துளிர்க்கும். செத்தாலோ வேர் மக்கி, அதே தடத்தில் நீர் புகும். குளம் வற்றியதும் கட்டையையும் பருவேர்களையும் எடுத்து, குழியில் மண் போட்டு இறுக்குங்கள். அங்கே அறுகு போதும். அதையும் கணுக்காலுக்கு மேல் வளரவிடாதீர்கள்; வளர்ந்தால் எலிவளை கண்ணில் படாது.