பதினெட்டு ரோல்களும் மூன்று பேரும்

"உங்கள் வாழ்வில் நெடுங்காலம் நீடித்த நட்பு எது? அதற்காக யாருக்கு நன்றி சொல்வீர்கள்?" என்பது கேள்வி.

விளையாட்டாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது, கறுப்பு வெள்ளை பிலிம் அந்தக் காலத்தில் விற்ற விலைக்கு. 1986-இல் வங்கி எழுத்தராக மதுரைக்கு மாற்றலாகி வந்தபோது, தவணையில் வாங்கிய பழைய பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. அதற்குள் போட பிலிம் வாங்கத்தான் காசு இருக்காது. டவுன்ஹால் ரோட்டில் போட்டோ சாமான்கள் விற்ற ஒரு கடையில், கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிம் முப்பது மீட்டர் சுருளாக வரும். அதை வாங்கி, இருட்டில் வெட்டி, பழைய உருளைகளுக்குள் நாமே சுற்றிக்கொண்டால் முப்பத்தாறு படங்கள் கொண்ட பதினெட்டு ரோல்கள் கிடைக்கும், செலவும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் முழுச் சுருளையும் ஒருவனாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. அதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு அதே கடை வாசலில் நின்றிருந்த இருவரைக் கடைக்காரர்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார். ஆளுக்கு ஆறு ரோல் என்று அன்று பேசி முடித்தோம்.

ஒருவர் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல் இயந்திரம் போட்டிருந்த பாய். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் போடும் வேட உடைகளை அப்போது அந்த மண்டபத்துத் தையல்காரர்கள்தான் தைத்துக்கொடுத்தார்கள். பங்குனி பிறந்துவிட்டால் பாய்க்குத் தூக்கம் கிடையாது. இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், எங்களுக்கு என்றைக்கும் வாத்தியார். இருவரும் என்னைவிட மூத்தவர்கள்.

டார்க் ரூம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, வாத்தியார் வீட்டுக் குளியலறையைத்தான். பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர் திரவத்துக்கு இருபது டிகிரிச் சூடு போதும். சித்திரை மாதத்து மதுரையில் குழாயைத் திறந்தால் முகம் கழுவக்கூட முடியாத தண்ணீர் வரும், அதில் கழுவினால் பிலிமின் மேல்பூச்சு இளகிச் சுருக்கம் விழுந்துவிடும். ஆகவே, மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவது என் வேலை. வீடு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்து முதுகெல்லாம் நனைந்திருக்கும். பாய் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லுவார், வாத்தியார் டப்பாவைக் குலுக்குவார். நட்பு என்று நாங்கள் அப்போது எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஒருவர் வராவிட்டால் வேலை நடக்காது, அவ்வளவுதான்.

எங்கள் ஆண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில்தான் தொடங்கும். முதல் நாள், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கே தல்லாகுளம் போய்விடுவோம். இரவு முழுவதும் தெருவிலேயே கழித்து, கேமராக்களைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, வைகைக்குள் நல்ல இடம் பிடித்து நிற்போம். பை ஏன் என்று மதுரைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்: தோல்பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சி அடிக்கும் பக்தர்களுக்கு, எதிரே நிற்பது லென்ஸா மனிதரா என்ற பேதம் கிடையாது. தங்கக் குதிரையில் அழகர் வருவார். வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொள்வார். ஃபிளட்லைட் வெளிச்சம் ஒரு பக்கம், விடிந்தும் விடியாத வானம் மறுபக்கம். நானூறு வேகப் பிலிமில் ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு நொடிக்கு வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். முட்டி மோதும் அந்தக் கூட்டத்தில் தோள் ஆடாமல் அரை நொடி நிற்பதே பெரிய காரியம்.

முதல் ஆண்டிலேயே ஒன்றைக் கவனித்தேன். குதிரை தண்ணீரில் கால் வைக்கும் அந்தக் கணத்தில், இரவெல்லாம் அதற்காகவே காத்திருந்த வாத்தியார், கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிப் பாயிடம் நீட்டினார். "நீங்க எடுங்க பாய், நான் கும்பிட்டுக்கிறேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி சர்க்கரைச் செம்பின் மேல் சூடம் ஏற்றி நின்றுகொண்டிருந்தார். பாய் ஒரு கேமராவைத் தன் கழுத்திலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு இரண்டிலும் மாறி மாறி எடுத்தார். அன்று தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். அழகர் ஆற்றில் இறங்கும் படம் என்று வாத்தியாரிடம் இருப்பதில் ஒன்றுகூட அவர் எடுத்ததில்லை. எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, ஆனால் கேமரா கையில் இருந்தால் கும்பிட மறந்துவிடுகிற ஜாதி நான். படம் எடுக்காமல் விட்டுவிடுவதற்கு ஒரு துணிவு வேண்டும் என்பதையே அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றுவரை அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

பாயிடம் பார்த்தது வேறு. 1989-இல் அழகர் ஆற்றில் இறங்கிய நாள் ரமலான் நோன்புக்குள் வந்தது. சித்திரைப் பௌர்ணமி ஆதலால் நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. விடியுமுன் உண்ணும் சஹர் உணவை முடித்துக்கொண்டு ஆற்றுக்கு வந்த பாய், எல்லாப் பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்று துண்டை மூக்குவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கேமராக்களையும் பார்த்துக்கொண்டார். வாத்தியார் அன்று எங்கள் யாருக்கும் தெரியாமல் தானும் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறார். மாலை நோன்பு திறந்த பிறகுதான் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. பாய்க்கு அதில் கோபம்: "உங்க வயித்துக்கு இது ஆகாது வாத்தியாரே, எனக்குப் பழக்கம்."

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. 1994-இல் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு நான் அனுப்பிய படம் தேர்வாகி, என் பெயருடன் அச்சாகி வந்தது. ஒரே சுருளில் வெட்டிய ரோல்கள், ஒரே தொட்டியில் கழுவிய நெகட்டிவ்கள். அது வாத்தியாரின் கேமராவில் பாய் எடுத்த படம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று என்றுதான் வெளியில் சொன்னேன். உண்மையில், அனுப்பும்போதே ஒரு சந்தேகம் இருந்தது, நெகட்டிவை எடுத்துப் பார்க்காமல் விட்டேன். பாய் அந்தத் துண்டு நெகட்டிவை ஒரு காகித உறையில் போட்டு வங்கிக்கே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். பத்து மாதம் மூவரும் பேசவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன்.

அடுத்த எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் வழக்கமான இடத்துக்குப் போய்த் தனியாக நின்றேன். பத்து மணி சுமாருக்கு இருவரும் வந்தார்கள். வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல், "எத்தனை ரோல் வெட்டி வச்சிருக்க?" என்று கேட்டார். ஆறு என்றேன். "பத்தாது" என்றார். அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசியதில்லை. விடியற்காலையில் வாத்தியார் கேமராவைக் கழற்றி நீட்டியபோது பாய் என் பக்கம் தலையை ஆட்டினார். அந்த ஆண்டு அதை வாங்கி எடுத்தவன் நான்.

கறுப்பு வெள்ளையில் ஒரு குறை உண்டு. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் ஊரே கேட்கும் கேள்வி. பச்சைப் பட்டு என்றால் மழை பெய்யும், நாடு செழிக்கும் என்பார்கள். எங்கள் பிரிண்டிலோ பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். அதனால் வாத்தியார் ஒவ்வொரு பிரிண்டின் பின்புறமும் ஆண்டையும் பட்டின் நிறத்தையும் பென்சிலால் எழுதிவைப்பார். டிஜிட்டல் வந்து வண்ணம் தானாகவே விழத் தொடங்கிய பின்பும் ஆண்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போட்டு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

2020-இலும் 2021-இலும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை. 2022 ஏப்ரல் 16 அன்று மீண்டும் வந்தபோது, முப்பத்துமூன்று ஆண்டுச் சுற்று முடிந்து மறுபடியும் ரமலான் மாதம். பாய்க்கு எழுபதை நெருங்கும் வயது, நோன்பு, அதே துண்டு. வாத்தியாருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய் முற்றிவிட்டதால் எதிரே வருவது வெளிச்சமாக மட்டுமே தெரியும். ஆனாலும் கேமராவை மாட்டிக்கொண்டுதான் வந்தார், நேரம் வந்ததும் கழற்றித்தான் நீட்டினார். கும்பிட்ட கையை இறக்காமலே, "என்ன பட்டு பாய்?" என்றார்.

"பச்சை வாத்தியாரே" என்றார் பாய். பிறகு, துணியை வைத்தே பிழைத்தவர் அல்லவா, ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுத் துண்டுக்குள்ளிருந்தே திருத்தினார்: "கிளிப்பச்சை இல்ல. கொஞ்சம் அடர்த்தி, மாவிலைப் பச்சை."

அந்த ஆண்டுப் பிரிண்டின் பின்புறம் வாத்தியார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 2022, மாவிலைப் பச்சை.