தெரிந்த கதைதானே?

கேள்வி: கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் எல்லாமே பழைய வீரர் கதைகள்தானே? முடிவு அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் திருப்பிச் சொன்னதற்கா இத்தனை புகழ்? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: எல்லாமே இல்லை. நாடக ஆசிரியர் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ எட்டே வருடம் முன்பு, கிரேக்கர்கள் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்த சலாமிஸ் போரைப் பற்றியது. மற்றபடி நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான், ஆனால் முடிவு தெரிந்திருப்பதுதான் அந்த நாடகங்களுக்கு முதலீடே.

பிலோக்டிடீஸ் என்ற கிரேக்க வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராய் நகரத்தின் மீது கிரேக்கர்கள் படையெடுத்துப் போகும் வழியில் பாம்பு கடித்து, புண் ஆறாமல் நாற்றமெடுத்ததும், கூட வந்தவர்களே அவனை லெம்னாஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பத்தாவது வருடம், அவன் கையிலிருக்கும், மாவீரன் ஹெராக்ளிஸின் வில் இல்லாமல் ட்ராய் விழாது என்று குறி கேட்டுத் தெரிந்ததும் தேடி வருகிறார்கள். அந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இவனுக்குக் கிடைத்தது ஏழெட்டு வரிதான்.

எஸ்கிலஸ், யூரிப்பிடிஸ், சோபோக்ளிஸ் மூவருமே இதை நாடகமாக்கினார்கள். முதல் இருவரின் நாடகத்தில் கோரஸ், அதாவது மேடையில் கூட்டமாகப் பாடுபவர்கள், லெம்னாஸ் ஊர்க்காரர்கள். கி.மு. 409-ல், எண்பத்தைந்து வயதைத் தாண்டிய சோபோக்ளிஸ், தீவில் ஒரு ஈ காக்கை இல்லை என்று ஆக்கிவிட்டார். இத்தனைக்கும் லெம்னாஸிலிருந்து படைக்கு மது ஏற்றிய கப்பல்கள் வந்ததை ஹோமரே பாடியிருக்கிறார்! அப்புறம் மாவீரன் அக்கிலீஸின் மகன் நியோப்டாலமஸைக் கொண்டுவந்து, தந்திரத்துக்குப் பேர்போன ஒடிசியஸை விட்டு அந்தப் பையனுக்குப் பொய் சொல்லப் பழக்கினார். பையன் பொய் சொல்லி நம்பவைக்கிறான். வலி வந்து துடிக்கிறபோது பிலோக்டிடீஸ் அவனை நம்பியே வில்லைக் கொடுத்து, காலை வெட்டி எறி என்று கெஞ்சுகிறான். ஒரு வரி முழுக்க வார்த்தையே கிடையாது, வெறும் அலறல். பையன் கலங்கிப்போவது அங்கேதான்.

கடைசியில் வில்லைத் திருப்பிக் கொடுத்து, ‘சரி, உன்னை ஊருக்கே கூட்டிப்போகிறேன்’ என்று கிளம்பியே விடுகிறான். கிளம்பினால் ட்ராய் விழாது, புராணமே பொய்யாகிவிடும். கதை தெரியாதவனுக்கு இதில் என்ன பதற்றம்? தெய்வமாகிவிட்ட ஹெராக்ளிஸ் தோன்றி இருவரையும் ட்ராய்க்குத் திருப்பிவிடுவதைச் சிலர் மலிவான தந்திரம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மனிதர்கள் எடுத்த முடிவு அதற்குள் வேறாகிவிட்டது, புராணத்தைக் காப்பாற்ற தெய்வம்தான் வரவேண்டியிருந்தது.

இதே கதையை கி.மு. 431-ல் யூரிப்பிடிஸ் மேடையேற்றிய வருடம் நாடகப் போட்டியில் அவருக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி. 409-ல் சோபோக்ளிஸுக்கு முதல் பரிசு.