மகனின் கோல்காப்பாளர் எங்கே போனார்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். நான்கு பேராக ரொறன்ரோவின் பெரிய அணியான லீஃப்ஸின் ஆட்டத்துக்குப் போக எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், போன குளிர்காலத்தில் இரண்டு தடவை மார்லீஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள் பார்த்த கோல்காப்பாளரின் பெயர் போட்ட சட்டையும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த தடவை போனால் ஆளையே காணவில்லை! புள்ளிப் பட்டியலும் விளங்கவில்லை. இந்த முறை எந்த ஆட்டங்களுக்குப் போகலாம்?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: சட்டையை எறிந்துவிடாதீர்கள். அவரை அநேகமாக மேலே கூப்பிட்டிருப்பார்கள்.

மார்லீஸ் விளையாடும் ஏ.எச்.எல். லீக்கில் 32 அணிகள். ஒவ்வொன்றும், அதற்கு மேலே உள்ள முதன்மை லீக்கான என்.எச்.எல்.லின் ஓர் அணியோடு இணைந்தது. மார்லீஸ், லீஃப்ஸின் பிள்ளை. மேலே ஒருவருக்குக் காயம் என்றால் காலையில் தொலைபேசி வரும், இரவு அவர் ஸ்கோஷியாபாங்க் அரங்கில் நிற்பார். எட்மன்ரன் அணியின் இளையவர்கள் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு விமானம் ஏற வேண்டும். இங்கே இரண்டு அரங்கும் ஒரே நகரத்தில் என்பதால் போக்குவரத்து இன்னும் சுலபம்.

காலியான இடத்துக்கு இன்னும் கீழே உள்ள ஈ.சி.எச்.எல்.லில் இருந்து ஒருவர் ஏறி வருவார். இந்த ஏணியின் கடைசிப் படி எதுவென்று 2020 பெப்ரவரி 22 அன்று ரொறன்ரோவே பார்த்தது. லீஃப்ஸோடு விளையாட வந்த கரோலைனா அணியின் இரண்டு கோல்காப்பாளர்களுக்கும் காயம். மார்லீஸ் பயிற்சிகளில் உதவிக்கு நின்ற, ஐஸ் மெழுகும் வண்டி ஓட்டிய 42 வயது டேவிட் அயர்ஸை இறக்கினார்கள். முதல் இரண்டு அடியும் கோல். அதற்குப் பிறகு வந்த எட்டையும் மறித்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், சட்டைக் கவலை பறந்துவிடும்.

ஆக, இந்த லீக்கின் முதல் வேலை ஆட்களை உருவாக்குவது. வெற்றி அதற்குப் பிறகுதான். விதியே அப்படி: கோல்காப்பாளர்களை விட்டுவிட்டால், ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் 13 பேர் அனுபவம் குறைந்த, வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். 2015-16 சீசனில் மார்லீஸைப் பார்த்தவர்கள் பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரங்களான நீலாண்டரையும் சாக் ஹைமனையும் ஒரே அணியில் பார்த்தார்கள். அன்று அந்தப் பெயர்களில் சட்டை வாங்கியவர் இன்றைக்குப் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிவார்.

பட்டியலுக்கு வருவோம். ஒவ்வோர் அணிக்கும் 72 ஆட்டம். வென்றால் 2 புள்ளி, 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. சமநிலை என்றால் மூவருக்கு மூவராக ஐந்து நிமிடம், அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட், அதாவது ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல்காப்பாளரை எதிர்த்து அடிப்பது. அந்தக் கட்டத்தில் தோற்றவருக்கும் 1 புள்ளி உண்டு. உங்களைக் குழப்பிய கூடுதல் நிரல்கள் இவைதான்.

ஒரே நாளில் எல்லா அணிகளும் ஒரே அளவு ஆட்டம் ஆடியிருக்காது. 40 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்த அணி மேலே தெரியும். 36 ஆட்டத்தில் 47 எடுத்தது கீழே தெரியும். எடுத்திருக்கக்கூடிய மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: முதலாவது 80க்கு 50, அதாவது 0.625. மற்றது 72க்கு 47, 0.653. உண்மையில் இரண்டாவது அணிதான் முன்னால் நிற்கிறது. மகனையே வகுக்கச் சொல்லலாம், கணக்கும் பழகும். மார்லீஸின் வடக்குப் பிரிவில் ஏழு அணிகளில் ஐந்து, கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகளுக்குப் போகும். அதனால் நான்காம் இடத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பிளேஓஃப் ஏப்ரல் கடைசியில் தொடங்கி, லீக்கின் கிண்ணமான கால்டர் கிண்ணத்தோடு ஜூனில் முடியும். 2018இல் அதை மார்லீஸ் வென்றது, இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது.

சரி, எந்த ஆட்டம்? இந்த லீக்கில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் தொடர்ந்து ஆடும் வாரங்கள் உண்டு. மூன்றாம் நாள் கால்கள் கனக்கும், முதல் கோல்காப்பாளரும் பெரும்பாலும் ஓய்வில் இருப்பார். ரிக்கெற் எடுக்குமுன் அட்டவணையில் முந்திய இரண்டு நாளையும் பாருங்கள். எனக்குப் பிடித்தது ஒக்டோபர். சீசனுக்கு முந்திய லீஃப்ஸ் தேர்வு முகாமில் மயிரிழையில் தவறியவர்கள் அப்போதுதான் கோபத்தோடு இறங்கியிருப்பார்கள். ஏப்ரலும் நல்லது, கல்லூரி சீசனை முடித்த புதுமுகங்கள் அப்போது வந்து சேர்வார்கள். டிசம்பரை ஒட்டிக் கரடிப் பொம்மை வீசும் நாள் இருந்தால் அதைத் தவறவிட வேண்டாம்: சொந்த அணி முதல் கோல் போட்டதும் அரங்கம் முழுக்கப் பொம்மை மழை, பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். எல்லாம் தொண்டு நிறுவனங்களுக்குப் போகும்.

போவது எளிது. லேக்ஷோர் கோ ரயிலில் யூனியனுக்கு மேற்கே அடுத்த நிறுத்தமான எக்ஸிபிஷனில் இறங்குங்கள். உள்ளே குளிரும், பிள்ளைக்கு ஸ்வெட்டர் வேண்டும். அரை மணி நேரம் முந்திப் போனால் பயிற்சியைப் பார்க்கலாம். ஐஸில் முதலாவதாக இறங்கும் கோல்காப்பாளர்தான் வழக்கமாக அன்று ஆடுவார். ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் அணிகள் பக்கம் மாறும்; இருக்கையை மார்லீஸ் முதல் பகுதியில் காக்கும் கோலுக்குப் பின்னால் எடுங்கள். மூன்றாம் பகுதியிலும் மார்லீஸ் கோல்காப்பாளர் அதே பக்கத்துக்குத் திரும்பி வருவார்.