பொய்யாகவே இருந்தாலும் ஆறுதல் ஆறுதல்தானா? – கேள்வி பதில்

இறை நம்பிக்கை தரும் மன ஆறுதலைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பத்தை எடுத்துக்கொண்டேன். தீராத நோயில் இருப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நம்புகிறவர் மனதுக்குள்ளும் உடம்புக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

கேள்வி: கடவுளே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நம்புகிறவருக்குக் கிடைக்கும் நிம்மதி நிஜமா? அதுவும் ஒரு மயக்கம்தானே?

பதில்: நிம்மதி நிஜம். கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஜெபமாலை. நூல் நைந்துபோய் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சு விரலில் தட்டும்போது ஒரு நொடி நிற்பார், அப்புறம் அடுத்த மணி. ஆரம்பத்தில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், கால் மணி நேரத்தில் தோள் தளர்ந்து, நீளமாக மூச்சு விட ஆரம்பித்துவிட்டார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ‘ஆவே மரியா’ ஜெபத்தையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயத் துடிப்பைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது. ஒன்று கிறிஸ்தவ ஜெபம், மற்றது பௌத்த மந்திரம். படைத்தவன் ஒருவன் உண்டு என்பதிலேயே இரண்டு மரபுக்கும் ஒத்துப்போகாது. உடம்புக்கு அந்த வழக்கெல்லாம் தெரியவில்லை. ஆறுதல் கிடைத்ததை வைத்து எந்தக் கொள்கை உண்மை என்று முடிவுகட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: மனசு ஆசைப்படுவதைத்தானே நம்புகிறார்கள்? அதனாலேயே அது பொய் என்று ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. மதம் ஆசையில் பிறந்தது என்று 1927இல் எழுதிய உளவியலாளர் ஃபிராய்டே இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருந்தார். ஆசை உந்தித் தள்ளும் நம்பிக்கையைத்தான் மாயை என்கிறேன், அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அவரே விளக்கியிருக்கிறார். தாகத்தில் தவிப்பவர் பக்கத்தில் கிணறு இருக்கும் என்று நம்புவதால் அங்கே கிணறு வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால் தூர்ந்தும் போகாது.

கேள்வி: சர்க்கரை மாத்திரையை மருந்து என்று சொல்லிக் கொடுப்பது மாதிரிதானே இதுவும்?

பதில்: பாதி சரி. அந்தப் பாதியிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. டெட் கேப்சக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினரிடம் ‘இதில் மருந்தே இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் மாத்திரையைக் கொடுத்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத பிரிவில் 35 சதவீதம். ஏமாற்றினால்தான் பலிக்கும் என்பதில்லை. ஒழுங்காகச் செய்யும் ஒரு சடங்குக்கும், அக்கறையோடு கவனிக்கும் ஒரு மனிதருக்கும் தனியாகவே பலம் உண்டு.

ஆனால் மாத்திரையை விழுங்கினால் வேலை முடிந்தது. நம்பிக்கை அப்படி இல்லை. யாரை மன்னிப்பது, எதற்காகக் குற்ற உணர்ச்சியில் வேகுவது என்பதுவரை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அதன் பலனும் பெரிது, பக்கவிளைவும் பெரிது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பரீட்சைக்கு முன்னால் எவ்வளவு பிரார்த்தனை செய்தாலும் பதற்றம் குறைவதில்லை. என் நம்பிக்கை போதவில்லையா அம்மா?

பதில்: இல்லை கண்ணு. பரீட்சை பாதிக்கு மேல் உன் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைச் செய்யாமல் மனசு அடங்காது. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் பசிபிக் பகுதியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். அலையில்லாத காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம், சடங்கு எதுவும் செய்யவில்லை. ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் எல்லாச் சடங்கும் நடந்தது.

2006 லெபனான் போரின்போது வட இஸ்ரேலைச் சேர்ந்த பக்தியுள்ள பெண்களை ரிச்சர்ட் சோசிஸ் ஆராய்ந்ததிலும் அதே சாயல்தான். குண்டு விழும் பகுதியிலேயே தங்கியவர்களில் சங்கீதங்கள் என்ற வேதப் பாடல்களை ஓதியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. வேறு ஊருக்குப் போய் அன்றாடச் சிக்கல்களைச் சமாளித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் இப்போது புத்தகத்தைத் திற. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பாயே, அந்த நாட்களில் பிரார்த்தனை செய், நிச்சயம் துணையாக இருக்கும்.

கேள்வி: மதம் அபின் என்றார் மார்க்ஸ். நீங்கள் அபினைச் சிபாரிசு செய்கிறீர்கள்.

பதில்: அந்த வரிக்கு முந்தைய வரியையும் சேர்த்துப் படியுங்கள். 1844இல் வெளியான அந்தக் கட்டுரையில், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமில்லாத உலகத்தின் இதயம் என்று எழுதிவிட்டுத்தான் அபினுக்கு வருகிறார். அவர் காலத்தில் அபின் மருந்துக் கடையில் விற்ற வலிநிவாரணி. வலி இருப்பதை அவர் மறுக்கவில்லை. வலிக்குக் காரணத்தை விட்டுவிட்டு மருந்தையே நம்பிக் கிடக்காதீர்கள் என்றார்.

அதில் எனக்கும் உடன்பாடுதான். எட் டீனரும் லூயிஸ் டேயும் டேவிட் மையர்ஸும் 2011இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பசியும் பாதுகாப்பின்மையும் மிகுந்த சமூகங்களில் மதப்பற்று உள்ளவர்கள் மற்றவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள். வசதியும் பாதுகாப்பும் உள்ள சமூகங்களில் அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. வலி அதிகமுள்ள இடத்தில் நிவாரணி வேலை செய்கிறது. வலியில் துடிப்பவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் பிள்ளை போய் எட்டு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் ‘கடவுள் சித்தம்’ என்கிறார்கள். எனக்குக் கடவுள் மேல் கோபம் கோபமாக வருகிறது. இது பாவமா?

பதில்: பாவம் இல்லைம்மா. உங்கள் வரிகளைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், குழந்தையை இழந்த ஒரு தாயிடம் ‘அவன் நல்ல இடத்தில் இருப்பான்’ என்று சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் மடியில் பிள்ளையின் சட்டை இருந்தது. அதன் பொத்தானைப் போட்டும் கழற்றியும் கொண்டிருந்தவர் நிமிர்ந்து, ‘என் மடியைவிட நல்ல இடம் எது?’ என்றார். அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

ஆறுதல் அவரவர் நம்பிக்கையிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் ஊட்டினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். பைபிளில் யோபு பிள்ளைகளை எல்லாம் இழந்து கிடந்தபோது நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

கோபம் வேறு, கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் மனதில் ஊறிப்போவது வேறு. கென்னத் பார்கமென்ட் குழுவினர் 55 வயதைத் தாண்டிய 596 உள்நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதினார்கள். ‘கடவுள் என்னைக் கைவிட்டாரோ’, ‘அவருக்கு என்மேல் அன்பு இல்லையோ’ என்று தவித்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம்பிக்கை எப்போதும் மருந்து என்று நினைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். நீங்கள் அந்தக் கோபத்தை உள்ளே பூட்டாமல், இடைமறித்து விளக்கம் சொல்லாத ஒருவரிடம் கொட்டுங்கள். கடவுளிடமே சண்டை போடுங்கள். சண்டை போடுகிறீர்கள் என்றால் உறவு அறுந்துவிடவில்லை. தூக்கம் முழுவதும் போய்விட்டாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறுதல் தருவது கடவுளா, கூட இருக்கும் கூட்டமா?

பதில்: கூட்டத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் அமெரிக்கர்களை வைத்துச் செய்த 2010 ஆய்வில், வழிபாட்டுக்குப் போகிறவர்கள் அதிக மனநிறைவோடு இருந்ததற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது அங்கே கிடைத்த நட்புகள். தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

கேள்வி: ஒருவருக்காகப் பலர் சேர்ந்து பிரார்த்தித்தால் நோய் குணமாகுமா?

பதில்: ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2006இல் வந்தது. பிரார்த்தனை நடக்குமோ நடக்காதோ என்று தெரியாமல் இருந்தவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களுக்கு 52 சதவீதமும் நடக்காதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல்கள் வந்தன. தங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 59. ‘பிரார்த்தனைக்கு ஆள் கூட்டும் அளவுக்கா என் நிலைமை மோசம்’ என்று பயந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். தற்செயலாகவும் இருக்கலாம். பிரார்த்தனை செய்யுங்கள், அதோடு மருந்து வாங்கித் தரவும் கூட உட்காரவும் போங்கள். என் நோயாளிகள் நினைவில் வைத்திருப்பது கூட உட்கார்ந்தவர்களைத்தான்.

இதே கையோடு: சிகிச்சையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பும் நண்பரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே நான் ஆறுதல் பக்கம் நிற்க மாட்டேன். 1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்து எழுதினார். பழைய கப்பல் தாங்காது என்ற சந்தேகத்தை, ஆண்டவன் காப்பாற்றுவான் என்று சொல்லிச் சொல்லியே அவன் அடக்கிக்கொள்கிறான். மனசு லேசாகிவிடுகிறது. கப்பல் ஆட்களோடு மூழ்குகிறது. உங்கள் நண்பரின் நம்பிக்கையோடு வாதாட வேண்டாம். அவர் மதிக்கும் மதப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போய், மருந்தும் ஜெபமும் சேர்ந்து போகலாம் என்று சொல்ல வையுங்கள். நம் வாயால் சொன்னால் கேட்காதவர்கள் அதைக் கேட்டதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதோடு நிம்மதியும் போய்விட்டது. பழையபடி நம்ப முடியுமா?

பதில்: இழப்பு என்று நீங்கள் சொல்வது சரியான சொல். 2011 பிப்ரவரி 22இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் அதே ஆட்களிடம் எடுத்த கணக்கை சிப்லியும் புல்புலியாவும் ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் புதிதாக மதத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் வந்ததால் அவர்கள் உடல்நிலை மேம்பட்டதாகத் தெரியவில்லை. நம்பிக்கையை இழந்தவர்கள்தான் தங்கள் ஆரோக்கியம் சரிந்ததாகச் சொன்னார்கள்.

பலன் வேண்டும் என்பதற்காக ஒன்றை உண்மை என்று மனசை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. பாஸ்கல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், நம்புகிறவர் மாதிரி நடந்துகொள், நம்பிக்கை பின்னால் வரும் என்றார். சிலருக்கு வருகிறது, சிலருக்கு நடிப்பாகவே நின்று இன்னும் குமைச்சலைத் தருகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது வகை என்று தோன்றுகிறது. நம்பிக்கையோடு சேர்ந்து போனவை என்னென்ன என்று பாருங்கள். காலையில் பேசாமல் உட்கார்ந்த பத்து நிமிடம், சேர்ந்து பாடிய ஆட்கள், நன்றி சொல்லும் பழக்கம். இவற்றில் பலதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நம்பிக்கை தேவையில்லை. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசா கோதமியிடம், சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றுதான் புத்தர் அனுப்பினார். எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியதில் அவளுக்குக் கிடைத்ததும் ஆறுதல்தான்.

கேள்வி: அப்பா கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். ‘போய் உன் அம்மாவைப் பார்ப்பேனா?’ என்று கேட்கிறார். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அவரிடம் இதுவரை பொய் சொன்னதும் இல்லை. என்ன சொல்லட்டும்?

பதில்: ‘பார்ப்பீர்கள்’ என்று சொல்ல வேண்டாம். உங்கள் முகத்தை அறுபது வருடம் படித்தவர், கண்டுபிடித்துவிடுவார். ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்றும் சொல்ல வேண்டாம். அவர் உங்களிடம் தத்துவம் கேட்கவில்லை.

கையைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மாவைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வீங்க அப்பா?’ என்று கேளுங்கள். நான் இருந்த ஓர் அறையில் ஒரு மகன் இதைக் கேட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘சன்னலைச் சாத்திட்டேன்னு சொல்லணும்’ என்றார். மனைவி இறந்த அன்று மழை. சன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார், இவர் மறந்துவிட்டார். பதினோரு வருடமாக அது அவருக்குள் இருந்திருக்கிறது, மகனுக்கே தெரியாது. மகன் எழுந்து போய், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதும், அந்த அறையின் சன்னலைச் சாத்திவிட்டு வந்து பழையபடி கையைப் பிடித்துக்கொண்டார்.