டாலர் குறியையும் டைப் செய்யணுமா?

இந்த முறை வந்த கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: திறந்த மூல மென்பொருளை இறக்கியாயிற்று, கூட வந்த கையேடு புரியவில்லை.

கேள்வி: லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவ, ரீட்மி என்ற விளக்கக் கோப்பில் இருந்த கட்டளையை எழுத்துப் பிசகாமல் டைப் செய்தேன். 'கட்டளை கிடைக்கவில்லை' என்று வருகிறது. சீனியரிடம் காட்டினால் சிரிக்கிறார். தப்பு என் பேரிலா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

எழுத்துப் பிசகாமல் டைப் செய்ததுதான் சிக்கலே! நீங்கள் அனுப்பிய படத்தில் கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி இருக்கிறது, அதையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள். அந்த டாலர் கட்டளையின் பகுதி இல்லை. "நான் தயார், சொல்லு" என்று டெர்மினல் (கட்டளைகளை டைப் செய்கிற ஜன்னல்) தானாகவே காட்டுகிற அடையாளம் அது, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் காலத்துப் பழக்கம். அந்த இடத்தில் # இருந்தால் ரூட் பயனராக, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தோடு, இயக்க வேண்டிய கட்டளை என்று அர்த்தம், அதையும் சேர்த்து அடித்தால் கதை இன்னும் மோசம்: பாஷ் (கட்டளைகளைப் படித்து இயக்குகிற ஷெல்) அந்த வரியை வெறும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நீங்களோ வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தப்பு உங்கள் பேரில் இல்லை. நம் வீட்டு வாசல்படியின் உயரம் நமக்குத் தெரியாது, வருகிற விருந்தாளிதான் தடுக்கி விழுவார். எழுதியவருக்கு அந்த டாலர் கண்ணில் படுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருக்கும்.

இதே மாதிரி படிகள் இன்னும் நிறைய உண்டு. ரூட் அதிகாரம் வாங்கித் தருகிற சூடோ கடவுச்சொல் கேட்கும், நீங்கள் டைப் செய்யச் செய்யப் பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட வராது, விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று தோன்றும் (கெடவில்லை, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்). 'உங்கள் பெயர்' என்று கோண அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், அந்த அடைப்பை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அடைப்போடு அடித்தால் ஷெல் அதைக் கோப்பிலிருந்து படிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு வேறேதோ பிழையைக் காட்டும். காப்பி எடுக்கலாம் என்று கண்ட்ரோலும் சி-யும் அழுத்தினால் ஓடிக்கொண்டிருந்த நிரலே நின்றுபோகும். டெர்மினலில் காப்பிக்கு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தணும், அதை யார் சொன்னார்கள்?

அப்புறம் விம், டெர்மினலுக்குள்ளேயே ஓடுகிற எடிட்டர். அதற்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் ஒருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளத்தில் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள், அந்தத் தளமே அதைப் பதிவாகப் போட்டுக் கொண்டாடியது. உங்கள் சீனியரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: சின்னதாக ஒரு திறந்த மூலத் திட்டம் நடத்துகிறேன். எல்லா ஆப்ஷனையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறேன், ஆனாலும் புதியவர்கள் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். படிக்கவே மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய?
— மென்பொருள் பொறியாளர், கோவை

படிக்கிறார்கள் சார், அவர்களுக்கு வேண்டியது அதில் இல்லை. சாம்பார் எப்படி வைப்பது என்று கேட்டவரிடம் முழு மளிகை லிஸ்ட்டை நீட்டியிருக்கிறீர்கள்.

இது உங்களோடு ஆரம்பித்த வியாதியும் இல்லை. 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸின் முதல் கையேட்டைப் பாருங்கள்: கட்டளையின் பெயர், அழைக்கும் முறை, விளக்கம், தெரிந்த பிழைகள். யுனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் பக்கத்து மேசைக்காரருக்கு அது போதும், சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே எழுந்து போய்க் கேட்டுக்கொள்வார். நாமும் அந்த அச்சையே இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறோம், பக்கத்து மேசைதான் இல்லை.

இணையத்தளம் கட்ட உதவுகிற ஜாங்கோ திட்டத்தில் இருந்த டானியேலே ப்ரொசீடா ஆவணங்களை நாலாகப் பிரிக்கச் சொல்வார்: கைபிடித்துக் கற்றுத்தருவது, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு வழி சொல்வது, அகராதி மாதிரி தேடிப் பார்ப்பது, ஏன் இப்படி என்று விளக்குவது. உங்களிடம் இருப்பது மூன்றாவது மட்டும். புதியவருக்கு முதலில் வேண்டியது கைபிடிக்கிற பாடம். 2014-இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் பயிற்சிப் பாடத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். இணையம் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆரம்பித்து, டெர்மினலை விண்டோஸில் எங்கே தேடுவது, மேக்கில் எங்கே, லினக்ஸில் எங்கே என்று தனித்தனியாகச் சொல்லி, முன்னால் இருக்கிற குறியை டைப் செய்யாதீர்கள் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். திருநெல்வேலி மாணவி அதைப் படித்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வந்திருக்க மாட்டார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோப்புகளின் பெயரை மொத்தமாக மாற்றுகிற ஒரு சின்ன நிரலுக்கு ஒருமுறை நானே நிறுவல் குறிப்பு எழுதினேன், ரொம்ப எளிமையாக வந்திருக்கிறது என்ற நினைப்பு வேறு. மாமா பையனை உட்காரவைத்து, நான் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே நிபந்தனை. இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். "ஃபோல்டருக்குள் போகவும்" என்று எழுதியிருந்தேன், அவன் மவுஸால் ஃபோல்டரைத் திறந்துவிட்டு டெர்மினலுக்கு வந்து கட்டளையைக் கொடுக்கிறான்! டெர்மினலுக்குள்ளும் தனியாக ஒரு முறை போகணும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நீங்களும் நின்று பாருங்கள், அதுவும் எதுவும் நிறுவாத புது கணினியில்.

அதற்கப்புறம் நான் விடாமல் செய்வது: ஒவ்வொரு கட்டளைக்குக் கீழேயும் திரையில் என்ன வரவேண்டும் என்று அப்படியே காட்டுகிறேன், வராவிட்டால் என்ன பார்ப்பது என்று ஒரு வரி போடுகிறேன். நிறுவ ஐந்து வழி இருந்தாலும் புதியவருக்கு ஒன்றே ஒன்றுதான், மற்ற நாலும் வேறு பக்கத்தில். 'சும்மா இதை ஓட்டினால் போதும்', 'ரொம்ப சுலபம்' எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சுலபம் என்று எழுதியிருக்கிற இடத்தில் மாட்டிக்கொள்கிறவருக்குத் தன் மேல்தான் சந்தேகம் வரும்.

கேள்வி: பழைய வழிகாட்டியைப் பார்த்து, பைதான் மொழிக்கான பொதிகளை நிறுவுகிற பிப் கட்டளையைக் கொடுத்தால், 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று உபுண்டு மறுக்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

வழிகாட்டிக்கு வயசாகிவிட்டது. லினக்ஸ் வகைகளான டெபியன் 12, உபுண்டு 23.04 இரண்டும் 2023-இல் வந்தபோதே, சிஸ்டத்தின் சொந்த பைதானில் பிப் நேரடியாகக் கைவைக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள், சிஸ்டத்தின் கருவிகளே அதை நம்பி ஓடுவதால். வென்வ் வைத்துத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். பூட்டை மீறவும் ஓர் ஆப்ஷன் உண்டு, அதன் பெயரே 'சிஸ்டம் பொதிகளை உடை'! அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. வழிகாட்டி எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தோம் என்று மேலே போட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கேள்வி: ஏஐயிடம் கொடுத்தால் ஆவணத்தை எழுதித் தந்துவிடாதா?
— வாசகர், சென்னை

தரும், வழுவழுவென்று. நடுவில் இல்லாத ஆப்ஷன் ஒன்றையும் சேர்த்துத் தரலாம். ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்தீர்களானால் சரி.

கேள்வி: புரோகிராம் எழுத இப்போதுதான் கற்கிறேன், ஆங்கிலமும் சுமார். என்னைப் போன்றவர் திறந்த மூலத் திட்டத்துக்கு என்ன செய்துவிட முடியும்?
— இல்லத்தரசி, ஈரோடு

திறந்த மூலத் திட்டங்கள் பல குடியிருக்கிற கிட்ஹப் தளம் 2017-இல் நடத்திய கருத்தாய்வில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, பழசாகிப்போன ஆவணங்களின் தொல்லையைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஆவணங்கள் பக்கம் அபூர்வமாகத்தான் போகிறோம், அல்லது போவதே இல்லை என்றும் சொன்னார்கள். அந்தக் காலி இடம் உங்களுடையது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டினீர்கள், என்ன பிழை வந்தது, எதைச் செய்தபோது சரியானது என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள், சில வாரத்தில் உங்களுக்கும் அந்தப் படி பழகி மறந்துபோகும். பிறகு கிட்ஹப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மூலையில் பென்சில் படம் இருக்கும். அதைத் தட்டித் திருத்தினால் பிரதி எடுப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும், புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிற கோரிக்கை) அனுப்ப கிட் கட்டளை ஒன்றுகூடத் தெரிய வேண்டாம். தமிழில் எழுதத்தான் வரும் என்றால் டிஎல்டிஆர் பக்கங்கள் என்ற திட்டத்தைப் பாருங்கள். ஒரு கட்டளைக்கு நாலைந்து உதாரணம், அவ்வளவுதான் ஒரு பக்கம். தமிழுக்குத் தனி அடைவே இருக்கிறது, மொழிபெயர்க்காத கட்டளைகள் நிறைய மிச்சம்.

அனுப்பியதும் கைதட்டு வரும் என்று மட்டும் இருக்காதீர்கள். ஓய்வு நேரத்தில் பார்க்கிறவர்கள், பதில் வர மாதக்கணக்கிலும் ஆகலாம், ஒரு வாரம் கழித்து மரியாதையாக ஒரு தடவை நினைவூட்டுவதில் தப்பில்லை. திருத்தம் ஒரு வரிதானே என்று கூச்சப்படவும் வேண்டாம். 'முன்னால் உள்ள டாலர் குறியைத் தவிர்க்கவும்' என்பதும் ஒரு வரிதான்.