பழைய கணினியில் வழங்கி (சர்வர்) மேலாண்மை மென்பொருள் நிறுவ 2 ஜிபி நினைவகம் போதுமா?

திருகோணமலையில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் நீங்கள், மாணவர் பதிவு, இணையத்தளம், ஆசிரியர்களின் மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினி ஒன்றில் ஏற்றி, அதை நிர்வகிக்கச் சீபேனல் அல்லது வேர்ச்சுவல்மின் நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவ முடியும்; ஆனால் மூன்று வேலையையும் அந்தக் கணினி தாங்காது.

சீபேனலுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்றும், 4 ஜிபியும் 40 ஜிபியும் இருப்பது நல்லது என்றும் அதன் ஆவணம் சொல்கிறது. இதில் அந்தக் குறைந்தபட்சக் கணக்கு மென்பொருள் எழுந்து நிற்பதற்கு மட்டுமானது. அதன்மேல் நீங்கள் ஏற்றப்போகும் சுமை அதில் சேரவில்லை. உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்துக்கு, உங்களுடையதைப் போன்ற 2 ஜிபி கணினியில் நான் வேர்ச்சுவல்மின் நிறுவிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள், விடியற்காலையில் மின்னஞ்சல் நின்றுபோகிறது, சில நாட்களில் இணையத்தளமும் திறக்கவில்லை என்று சொன்னார்கள். பதிவுக் கோப்பைப் பார்த்தபோது, நினைவகம் தீர்ந்ததால் அதன் பணிசெயல் முறைமையான லினக்ஸே ஒரு நாள் கிளாம்ஏவி நச்சுநிரல் தடுப்பியையும், இன்னொரு நாள் தரவுத்தளத்தையும் நிறுத்தியிருந்தது தெரிந்தது. கிளாம்ஏவி தன் நச்சுநிரல் அடையாளப் பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் வைத்திருப்பதால் அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. புதிய பட்டியலை ஏற்றும்போது பழையதையும் சிறிது நேரம் சேர்த்து வைத்திருப்பதால் அந்த அளவு ஏறக்குறைய இரட்டிக்கிறது. அந்தக் கணினியில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது விடியற்காலையில்தான். நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தி, நினைவகம் நிரம்பும்போது பயன்படும் மாற்றிடமாக (ஸ்வாப்) வட்டில் 2 ஜிபியும் ஒதுக்கிய பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. நினைவகம் கூட்ட முடியாதென்றால், கிளாம்ஏவி இல்லாத சிறு நிறுவலை வேர்ச்சுவல்மின் தருகிறது.

நினைவகத்துக்கும் முன்னதாக நீங்கள் பார்க்க வேண்டியது செயலி. இம்மென்பொருள்கள் ஓடும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான அல்மாலினக்ஸ் 9 தொடங்கவே எஸ்எஸ்இ 4.2 கட்டளைகளை அறிந்த 64 பிட் செயலி வேண்டும்; இன்டெலின் பழைய கோர் 2 டுவோ அதில் தேறாது, கோர் ஐ வரிசையின் முதற் தலைமுறை தேறிவிடும். பழக்கத்தினால் பழைய லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7 போட்டுவிடாதீர்கள், அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. பணிசெயல் முறைமை எதுவானாலும் வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவிய உடனேயே மேலாண்மை மென்பொருளை ஏற்றுங்கள். சீபேனலை ஏற்றிய பின் கழற்றுவதற்கு வழியில்லை, மறுபடியும் வட்டைத் துடைக்கத்தான் வேண்டும்.

சீபேனலுக்கு மாறாத பொது ஐபி முகவரியும் முழுமையான ஆள்களப் (டொமைன்) பெயரும் கட்டாயம், ஏனெனில் அதன் உரிமம் அந்த முகவரியோடு பிணைக்கப்பட்டது. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அத்தகைய முகவரியிலிருந்து அனுப்பும் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் பல ஏற்பதுமில்லை.

ஆகவே இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் 4 ஜிபி நினைவகமுள்ள வாடகை வழங்கி ஒன்றில் வையுங்கள். மாணவர் பதிவை மட்டும் உங்கள் கணினியில் வைத்து, உலாவி வழியே கணினியை நிர்வகிக்க உதவும் வெப்மின் நிறுவுங்கள். அதன் 10000ஆம் துறை (போர்ட்) கல்வி நிலையத்தின் உள் வலையமைப்புக்கு வெளியே திறந்திருக்கக் கூடாது. மின்வெட்டின்போது கணினியை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் யூஎஸ்பி இணைப்புள்ள யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். கட்டடம் கடற்கரையை ஒட்டியதென்றால், உப்புக்காற்றில் நினைவகத் தகட்டின் முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று முதலில் கழற்றிப் பாருங்கள்.