மலையில் சிக்கிய இரு வீரர்கள்: அந்தத் துருக்கியப் படம் எது?

பனிமலையில் இரண்டு வீரர்கள் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தவிக்கும் துருக்கியப் படம் எது, பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அல்பர் சாலர் இயக்கி 2012இல் வெளியான ‘டா’. ஆன்டெனாவைச் சரிசெய்யப் போன இராணுவக் குழு குர்து ஆயுதக் குழுவின் தாக்குதலில் சிக்குகிறது. எஞ்சுவது ஓவுஸும் பெகிரும். ஓவுஸ் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளை, பெகிர் முரடன். பயிற்சிக் காலத்திலிருந்தே இருவருக்கும் ஆகாது. அந்தப் பழைய நாட்களும் மலைக் குளிரும் மாறி மாறி வருகின்றன. துப்பாக்கிச் சண்டையைவிட இவர்களின் வாய்ச்சண்டைதான் எனக்குப் பிடித்தது. எதிர்த்தரப்பின் நியாயத்தை மட்டும் இதில் தேடாதீர்கள். முழுக்க இராணுவத்தின் பக்கம் நின்று எடுத்த படம். 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே இருவரும் சிறப்புப் படையில் இருக்கிறார்கள். ஐஎஸ் தீவிரவாதக் குழுவின் பிடியில் உள்ள பெண் பத்திரிகையாளரை மீட்க வடக்கு ஈராக்குக்குப் போகிறார்கள். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள்.